1296 எந்த வருஷம்? மோரேயின் ஆரம்பத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் பூர்வீகம் தேடியது: நிகழ்வு ஆய்வு

இதில் வரும் யாருக்கும் பெயர் இல்லை. ஒரே ஒரு பெயர் மட்டும் வருகிறது, அதுவும் மாற்றுப் பெயர். எழுத்தில் வந்த சிக்கல்தான் இங்கே விஷயம் என்பதால், அதே சிக்கல் உள்ள இன்னொரு பெயரை எடுத்துக்கொண்டேன்: ராக்கப்பன். ஊரின் பெயரையும் சொல்லவில்லை. ராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்கள் சேரும் பக்கத்தில் ஒரு கண்மாய்க்கரை ஊர் என்றால் போதும்.

நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களுக்குப் பூர்வீக ஊரைத் தேடிக் கொடுப்பதைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். கூலி கிடையாது. இந்தத் தேடலில் நடந்த பெரிய தவறு என்னுடையது. அதனால்தான் எழுதுகிறேன்.

பின்னணி

மோரே மணிப்பூரின் தெங்னௌபால் மாவட்டத்தில் இருக்கிறது. இம்பாலிலிருந்து 110 கிலோமீட்டர் மலைப்பாதை. ஊரின் கடைசித் தெருவைத் தாண்டினால் மியன்மர், சில கிலோமீட்டரில் தமு நகரம். குக்கி, மெய்தி, நேபாளி, பஞ்சாபி, மார்வாடி என்று பலரும் சேர்ந்து உருவாக்கிய அந்தக் கடைவீதியில் தமிழர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. அங்காள பரமேஸ்வரி, முனீஸ்வரர் கோயில் அங்கே இருக்கிறது. தமிழ்ச் சங்கமும் இருக்கிறது.

தமிழர்கள் அங்கே எப்படிப் போனார்கள் என்பது இந்தக் குடும்பத்தின் கதையும்தான். 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர்கள் 10 லட்சத்துக்கும் மேல். ரங்கூன் நகரில் பாதிக்கு மேல் இந்தியர்களே. 1962 மார்ச்சில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையாயின. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. கையில் காசில்லாமல், நகையையும் சுங்கத்தில் இழந்து, கப்பல் கப்பலாக மக்கள் சென்னைக்கு வந்து இறங்கினார்கள். பலருக்கு இங்கே வீடு இல்லை, தெரிந்த முகம் இல்லை, தமிழும் கொஞ்சம் வேறு மாதிரி. அவர்களில் சிலர் பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று ரயிலேறி மணிப்பூர் ரோடு ஸ்டேஷனில் (இன்றைய திமாப்பூர்) இறங்கி, இம்பால் வழியாக மோரே வரை போனார்கள். எல்லையில் பர்மியக் காவலர்கள் விடவில்லை. திரும்பி வரவும் மனமில்லை. அங்கேயே குடிசை போட்டார்கள்.

அப்படித் தங்கியவர்களில் ஒருவரை மோரேயில் எல்லாரும் ‘பெகுக்காரர்’ என்றே கூப்பிட்டார்கள். பர்மாவின் பெகு (இன்றைய பகோ) நகரப் பக்கத்திலிருந்து வந்தவர். முதலில் விறகு, அப்புறம் இட்லிக் கடை, அப்புறம் தமுவிலிருந்து வரும் சாமான்களின் வியாபாரம். 1970களின் நடுவில் இறந்துவிட்டார். மூத்த மகனுக்கு அப்போது 12 வயது. 1995 ஏப்ரலில் எல்லை வணிகம் முறைப்படி திறந்த பிறகு ஊர் வளர்ந்தது, குடும்பமும் வளர்ந்தது.

2023 மே மாதம் மணிப்பூரில் வெடித்த வன்முறை மோரேயையும் விடவில்லை. தமிழர் வீடுகளும் எரிந்தன. இந்தக் குடும்பத்தின் பழைய வீடு அவற்றில் ஒன்று. பெகுக்காரரின் மனைவியைச் சென்னை வியாசர்பாடியில் உள்ள மகள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். சென்னையில் வேலை பார்க்கும் பேரன் 2024 தொடக்கத்தில் என்னைத் தேடி வந்தார். “ஐயா, வீடு போச்சு. நாங்க எந்த ஊருன்னாவது தெரிஞ்சா நல்லா இருக்கும்” என்றார்.

கையில் இருந்தவை

தகரப் பெட்டியும் அதிலிருந்த காகிதங்களும் வீட்டோடு போய்விட்டன. 2022-இல் பேரன் விளையாட்டாகக் கைபேசியில் எடுத்த நான்கு படங்கள் மட்டும் மிச்சம்.

முதல் படம், பர்மாவில் வெளிநாட்டவருக்குக் கொடுத்த எஃப்ஆர்சி பதிவுப் புத்தகத்தின் ஒரு பக்கம். ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பித்த முத்திரைகள். கடைசி முத்திரை 1964. பர்மிய எழுத்தில் ஒரு பெயர், பக்கத்தில் ஆங்கிலத்தில் ‘யாக்கப்பன்’. தகப்பன் பெயரின் மேல் முத்திரை விழுந்து முதல் எழுத்து மட்டும் தெரிந்தது. புகைப்படம் ஒட்டியிருந்த பக்கம் இல்லை.

இரண்டாவது, நீளவாக்கில் தைத்த ஒரு கணக்கு நோட்டின் பக்கம். பெகுவில் யாரோ கணக்கப்பிள்ளை எழுதியது போலிருக்கிறது, எழுத்து அவ்வளவு அழகு. நடுவில் ‘...க்கப்பன் பிறப்பு 1296 ஆவணி 12’ என்று ஒரு வரி. பக்கத்தின் இடது மேல் மூலையில் பேரனின் கட்டைவிரல்.

மூன்றாவது மோரே கோயிலின் நன்கொடைப் பலகை. அதில் பெகுக்காரரின் பெயர் முன்னெழுத்தோடு இருந்தது. ராக்கப்பனும் இல்லை, யாக்கப்பனும் இல்லை, வேறொரு பெயர். நான்காவது ஒரு கல்யாண போட்டோ, இந்த வேலைக்கு உதவவில்லை.

இவை தவிர, அப்பத்தாவின், அதாவது பெகுக்காரரின் மனைவியின், வாயில் இருந்த இரண்டு சொற்கள். ஊரின் பெயர் ஒன்று. விசாரித்தால் அதே பெயரில் மூன்று ஊர்கள் இருந்தன, ஒன்று ‘மேல’, ஒன்று ‘கீழ’, மற்றது வெறும் பெயர். இன்னொன்று, “நாங்க ரெண்டாங்கரை.” பேரன் அதற்கு விளக்கமும் வைத்திருந்தார்: பர்மா முதல் கரை, இந்தியா இரண்டாம் கரை, கடல் தாண்டி வந்தவர்கள் என்று அர்த்தம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன்.

முதல் முடிவும் அதன் காரணமும்

பர்மாவுக்குப் போனவர்களைத் தேடுவதில் ஒரு அடிப்படைக் கஷ்டம் உண்டு. மலேயாவுக்கும் இலங்கைக்கும் போன தோட்டத் தொழிலாளிகளுக்காவது எங்கோ ஒரு பதிவேட்டில் வரி இருக்கும். பர்மாவோ 1937 ஏப்ரல் 1 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். சென்னையில் கப்பலேறி ரங்கூனில் இறங்குவது சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டுப் பயணம் இல்லை. பாஸ்போர்ட் கிடையாது, குடியேற்றச் சீட்டு கிடையாது. டிக்கெட் வாங்கியவன் ஏறினான், அவ்வளவுதான்.

வருவாய்ப் பதிவேடுகளும் இந்தப் பகுதியில் பழைய காலத்துக்குக் கை கொடுக்காது. ராமநாதபுரமும் சிவகங்கையும் ஜமீன் சீமைகள். 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, நிலவரித் திட்டம் நடந்த பிறகுதான் தாலுகா அலுவலகத்தில் ரயத்தின் (உழவரின்) பெயர் ஒழுங்காக ஏறியது. ‘அ’ பதிவேட்டில் (கிராமத்தின் நிலப் பதிவேடு) 1880களைத் தேடுவது வெட்டி வேலை என்று எனக்குத் தெரியும்.

ஆகவே எண்ணைப் பிடித்தேன். 1296. பசலி என்பது வருவாய்த் துறையின் ஜூலை-ஜூன் ஆண்டுக் கணக்கு. முப்பது வருஷம் அதைப் போட்டு அடங்கல் (பயிர்க் கணக்கு) எழுதிய கை இது. நான்கு இலக்கத்தில் ஒரு பழைய எண்ணைப் பார்த்தால் 590-ஐக் கூட்டு என்று மூளை தானாகச் சொல்லும். 1296-உம் 590-உம் 1886. அதாவது 1886-87 பசலி. பெகுக்காரர் 1930களில் பிறந்தவர் என்பது குடும்பத்துக்கு உத்தேசமாகத் தெரியும். அப்படியானால் 1886-இல் பிறந்தவர் அவருடைய தாத்தா. ஏறத்தாழ ஐம்பது வருஷ இடைவெளி, இரண்டு தலைமுறை, கச்சிதம்.

எஃப்ஆர்சியில் ‘யாக்கப்பன்’, நோட்டில் ‘...க்கப்பன்’. இரண்டும் ஒருவரே, பெகுக்காரரின் தாத்தா, 1964-இல் எண்பதை நெருங்கும் கிழவராகப் பெகுவில் இருந்தவர் என்று முடிவு கட்டினேன். அந்த ஆளின் தகப்பன் பெயரின் முதல் எழுத்தும், மோரே கோயில் பலகையில் பெகுக்காரருக்கு இருந்த முன்னெழுத்தும் ஒன்றாக இருந்தன. அதையும் பார்த்தேன். தாத்தா பெயர் பேரனுக்கு வரும் வழக்கம்தானே, பெகுக்காரரின் அப்பாவுக்கு அவருடைய தாத்தா பெயர் வந்திருக்கும் என்று கடந்துவிட்டேன். அந்த வழக்கத்தை நம்பினால் பெகுக்காரருக்கும் அவர் தாத்தா பெயரே இருந்திருக்க வேண்டுமே என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் எல்லாம் அங்கேயே உடைந்திருக்கும். யோசிக்கவில்லை.

தவறான மரம்

‘யாக்கப்பன்’ என்றதும் எங்கள் பக்கத்து ஆளுக்கு என்ன தோன்றும்? யாகப்பன். கத்தோலிக்கக் குடும்பங்களில் சாதாரணமான பெயர், யாகப்பர் (புனித யாக்கோபு) பெயரில் கோயில்களும் உண்டு. கத்தோலிக்கத் துறவி அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் உயிர் விட்ட சீமை இது. இந்தப் பக்கக் கிராமங்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அப்பத்தா சொன்ன பெயருள்ள மூன்று ஊர்களில் ஒன்று ஒரு பழைய கத்தோலிக்கப் பங்கைச் (தேவாலய வட்டாரத்தைச்) சேர்ந்தது.

அனுமதி வாங்கிப் போய் உட்கார்ந்தேன். ஞானஸ்நானப் பதிவேடு லத்தீனில் இருந்தது, பெயர் ‘யாக்கோபுஸ்’. உடன் இருந்த பெரியவர் ஒருவர் வாசித்துச் சொன்னார். 1887 தொடக்கத்தில் ஒரு குழந்தை. அந்தக் குடும்பத்தின் வாரிசுகள் அதே ஊரில் இருந்தார்கள். “எங்க பாட்டனோட அண்ணன் ஒருத்தர் ரங்கூன் போனவர், திரும்பவே இல்லை” என்றார்கள். எனக்குக் கை நடுங்கியது. நான்கு தலைமுறைக் கிளைப்படம் வரைந்து பேரனுக்கு அனுப்பினேன்.

இதன் விளைவு நான் நினைக்காதது. மோரேயில் முனீஸ்வரர் கோயிலுக்குத் தூண் கொடுத்த குடும்பம் அது. வீட்டுச் சாமியறையில் ஒரு மஞ்சள் துணியில் பிடிமண் (பூர்வீகக் கோயிலிலிருந்து எடுத்த ஒரு பிடி மண்) முடிந்து வைத்திருந்தார்கள், பெகுவிலிருந்து வந்தது என்று சொல்லி. அவர்களிடம் போய், உங்கள் பாட்டனின் பாட்டன் ஞானஸ்நானம் வாங்கியவர் என்று சொல்லியாயிற்று. பேரனின் பெரியப்பா, அதாவது பெகுக்காரரின் மூத்த மகன், மோரேயிலிருந்து போனில் கேட்டார், “அப்ப அந்த மண்ணு யாருதுய்யா?” என்னிடம் பதில் தயாராக இருந்தது. பர்மாவுக்குப் போன பிறகு மாறியிருப்பார்கள் என்றேன். ஆதாரம் இல்லாமல் சொன்ன பதில் அது.

பங்கு ஊர்க்காரர்கள் நல்ல மனிதர்கள். பேரனை வரவழைத்துச் சாப்பாடு போட்டார்கள். ஐந்து மாதம் அந்த உறவு நடந்தது.

உறுத்தல்

பேரனின் அத்தை மகள் ஒருத்தி, மோரே வீட்டில் எடுத்த ஒரு பொங்கல் வீடியோவை அனுப்பியிருந்தாள். ஆகஸ்ட் மாதம் பேரன் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோது, பெரியப்பா தகரப் பெட்டியைத் திறந்து நோட்டைப் புரட்டிக் காட்டும் இடம் வந்தது. இரண்டு நொடிதான். நிறுத்திப் பார்த்தால் அதே பக்கம், கட்டைவிரல் இல்லாமல்.

மூலையில் ‘பவ வரு’ என்று இருந்தது. வரியின் தொடக்கத்தில், கறையான் பாதி தின்ற ஓர் எழுத்து. துணைக்காலும், அதற்கு முன் ரகரத்தின் கீழ்வால் போன்ற ஒரு கோடும். யகரத்துக்கு அப்படி வால் கிடையாது.

பவ வருஷம் என்பதே போதுமானது. அறுபது வருஷச் சுற்றில் பவ எட்டாவது. 1886-87-க்கு உரியது விய வருஷம், இருபதாவது. பத்து வருஷம் முன்னால் 1876-இல் தாது, தாது வருஷப் பஞ்சம் இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காத கணக்கு, அதிலிருந்து விரல் விட்டாலே விய வந்துவிடும். பவ விழுவது 1874-லும் 1934-லும். 1296 பசலி அந்த இரண்டிலும் ஒட்டாது.

அப்படியானால் 1296 என்ன? பர்மிய ஆண்டு. அதோடு 638-ஐக் கூட்ட வேண்டும்: 1934. பவ வருஷம் ஆவணி. பிசிறில்லாமல் பொருந்தியது. அதாவது நோட்டில் பிறந்தவர் தாத்தா இல்லை, பெகுக்காரரே.

கேள்வியை மாற்றியது

பெயர் மட்டும் பாக்கி. எஃப்ஆர்சிப் படத்தை எடுத்துக்கொண்டு, பர்மாவில் பள்ளியில் படித்துத் திரும்பிய ஒரு பெரியவரிடம் போனேன். அவர் பர்மிய எழுத்தைப் பார்த்தார், ஆங்கிலத்தைப் பார்க்கவே இல்லை. “இது ராக்கப்பன்” என்றார். பர்மியத்தில் ரகரத்துக்கு எழுத்து உண்டு. ஆனால் பெரும்பாலும் யகரமாகத்தான் சொல்வார்கள். ரங்கூன் யாங்கோன் ஆனது அதனால்தான். பாலிச் சொற்களிலும் சில அயல் பெயர்களிலும் மட்டும் ரகரம் நிற்கும். குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். யாகப்பரும் இல்லை, யாக்கோபும் இல்லை.

இதை உறுதிப்படுத்த ஒருவர் இருந்தார், அப்பத்தா. ஆனால் மார்ச் மாதமே பேரன் அவரிடம் “யாக்கப்பன் யாரு அப்பத்தா?” என்று கேட்டிருந்தார். “அப்படி யாரும் இல்லையே” என்பதுதான் பதில். அது உண்மையான பதில், நாங்கள் அதைக் கிழவியின் மறதி என்று எடுத்துக்கொண்டோம்.

இந்த முறை என் மனைவியை அனுப்பினேன். ஆண்கள் யாரும் போகவில்லை. வெற்றிலை இடித்துக் கொடுத்துக்கொண்டே ஒரு மணி நேரம் பர்மாக் கதை பேசியிருக்கிறார்கள். நூறு ரூபாய் நோட்டைத் தலையணைக்குள் தைத்து வைத்ததும், அது ஒரே நாளில் செல்லாக் காசானதும், மூத்தவனைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு கப்பலில் வந்ததும். அப்புறம் மெதுவாக, “ராக்கப்பன்னு உங்க வீட்டுல யாராச்சும் இருந்தாகளா அப்பத்தா?”

அப்பத்தா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாராம். “அவுக பேரைச் சொல்லச் சொல்றியா?” என்றாராம்.

கணவன் பெயரை அறுபது வருஷமாக அவர் வாயால் சொன்னதில்லை. மாமனாரின் தகப்பன் பெயரும் அதுவே என்பதால், மாமியாரும் அந்தப் பெயரைச் சொல்லாமல் மகனுக்கு வேறொரு செல்லப் பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார். அந்தச் செல்லப் பெயரே மோரேயில் ரேஷன் அட்டையிலும் கோயில் பலகையிலும் ஏறியது. மோரேயில் பிறந்த பேரன்களுக்குப் புதுமாதிரிப் பெயர் வைத்தார்கள், சங்கிலி அறுந்தது. பன்னிரண்டு வயதில் அப்பாவை இழந்த பெரியப்பாவுக்கு அவருடைய இயற்பெயரே தெரியாது.

அந்த ஒரு மணி நேரத்தில் இன்னொன்றும் தெளிந்தது. ‘ரெண்டாங்கரை’ கடற்கரை இல்லை. “சாமி கும்புடுறதுல எங்களுக்கு ரெண்டாவது கரை. முதக்கரை எடுத்த பெறகுதான் நாங்க எடுக்கணும்னு மாமியா சொல்லுவாக” என்றிருக்கிறார். எங்கள் பக்கம் கோயில் உரிமையை வம்சவாரியாகக் கரை என்று பிரிப்பார்கள். புரவி எடுப்பில் (அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் திருவிழா) எந்தக் கரையின் மண்குதிரை முன்னால் போகும், யாருக்கு முதல் திருநீறு என்பதெல்லாம் அதில் அடங்கும். அந்த ஊரை ஒருமுறைகூடப் பார்க்காத, பெகுவில் பிறந்த ஒரு பெண் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். அதே மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த நான் கவிதை என்று நினைத்துத் தலையாட்டியிருக்கிறேன்.

ஊர்

மூன்று ஊர்களில் அய்யனார் கோயிலில் கரை வரிசை இருப்பது ஒன்றில்தான். பங்கு இருந்த ஊர் அது இல்லை.

முதலில் செய்தது அந்தப் பங்கு ஊருக்கு நேரில் போய் என் தவறைச் சொன்னது. போனில் சொல்லியிருக்கலாம், மனசு ஒப்பவில்லை. “பரவாயில்லை, எங்க ஆளு யாருன்னு இனி நீங்களே தேடிக் குடுங்க” என்றார்கள். அது இன்னும் என் கடன்.

2025 வைகாசியில் புரவி எடுப்புக்குப் பேரனும் பெரியப்பாவும் என்னோடு வந்தார்கள். போகும் முன் ஒரு முடிவு எடுத்தோம்: நிலம், பட்டா, வில்லங்கம் என்று எந்தச் சொல்லும் வாயில் வரக் கூடாது, சாமி கும்பிட மட்டும் வந்திருக்கிறோம். பூர்வீகம் தேடி வருகிறவர்களைப் பங்கு கேட்க வந்தவர்களாக ஊர் நினைப்பது இயல்பு, பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் கரையின் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து, எழுத்து எதுவும் இல்லாமல், வம்சத்தை வாயாலேயே சொன்னார். ராக்கப்பன், அவர் மக்கள் மூவர், நடுவுள்ளவர் பர்மாவுக்குப் போனார். நடுவுள்ளவரின் பெயரை அவர் சொன்னபோது பெரியப்பா நிமிர்ந்தார். மோரே பலகையில் அவருடைய அப்பாவுக்கு இருந்த முன்னெழுத்தின் முழுப்பெயர் அது. நாங்கள் அந்தப் பெயரை அங்கே சொல்லியிருக்கவில்லை, வேண்டுமென்றே சொல்லாமல்தான் இருந்தோம்.

பங்காளிகள் கேட்டது

மறுநாள் இன்னொரு வீட்டில் ஒரு முத்திரைத்தாளைக் கொண்டுவந்து காட்டினார்கள். 1927, பிரபவ வருஷம் ஆனி மாதம். ராக்கப்பன் குமாரர் இன்னார், ரங்கூன் செலவுக்காக, தன் பாகத்துச் செய்யை ஒத்தி வைத்தது. இதைவிட நல்ல ஆதாரம் எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. ஆனால் அந்தத் தாளைப் பிடித்திருந்தவரின் முகத்தைப் பார்த்தேன். அந்த ஒத்தி திருப்பப்பட்டதா இல்லையா என்று தாளில் எதுவும் இல்லை, நிலத்தை இப்போது அவர்தான் உழுகிறார்.

“தம்பிகளுக்கு இதுல என்ன உத்தேசம்?” என்று கேட்டார். பெரியப்பா முந்திக்கொண்டார். “அண்ணே, எங்களுக்கு மோரேயிலேயே எரிஞ்ச மனை ஒண்ணு கெடக்கு. அதையே கட்ட முடியல. பிடிமண்ணு எடுத்துக்கிட்டுப் போறோம், உத்தரவு குடுங்க.” ஒத்திப் பத்திரத்தைப் படம் எடுக்க அனுமதி கேட்கவில்லை. வரிகளை நினைவில் வைத்து, காரில் ஏறிய பிறகு எழுதிக்கொண்டேன்.

கோயிலுக்குத் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கட்டுவது) கட்டலாமா என்று பேரன் கேட்டதற்கு ஊர்க் கூட்டம் அடுத்த வருஷத்திலிருந்து வாங்கிக்கொள்ளச் சம்மதித்தது. எரிந்த பிடிமண்ணுக்குப் பதிலாகப் புதுமண் மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தார்கள்.

ஒரு சங்கடமும் சேர்ந்து வந்தது. மோரேயில் இவர்கள் பெண் கொடுத்து எடுத்த இன்னொரு குடும்பம் அதே ஊர், அதே கரை என்று தெரியவந்தது. கணக்குப்படி பங்காளி, முறை தப்பு. பேரன் தயங்கித் தயங்கி அப்பத்தாவிடம் சொன்னார். “அதெல்லாம் பர்மாவுலயே போச்சுடா, புள்ளைக நல்லா இருக்குல்ல?” என்று முடித்துவிட்டாராம். கிளைப்படத்தில் அந்தக் கோட்டை நான் போடவில்லை. கேட்டால் மட்டும் சொல்வேன்.

‘முதல் குடும்பம்’

மோரேக்கு முதலில் வந்த தமிழ்க் குடும்பம் தாங்கள்தான், வந்தது 1962 என்பது இந்த வீட்டில் வழிவழியாக வரும் பேச்சு. அதையும் பார்க்க வேண்டியிருந்தது. எஃப்ஆர்சியின் கடைசி முத்திரை 1964, அது பெகுக்காரருடையது என்று இப்போது தெரியும். நோட்டுச் செல்லாமல் போனது 1964 மே, அப்போது அப்பத்தா பெகுவில் இருந்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் கப்பல், சென்னை, ரயில் எல்லாம். 1962 என்பது நே வின் வந்த வருஷம். எல்லாக் கஷ்டமும் அன்று தொடங்கியதால் அந்த எண் மனதில் தங்கிவிட்டது போலும்.

முதல் குடும்பம் என்பதை மோரேயில் இன்னும் சிலரும் சொல்கிறார்கள். கிளைப்படத்தின் தலைப்பில் ‘1960களின் நடுவில் மோரேயில் குடியேறிய ஆரம்பக் குடும்பங்களில் ஒன்று’ என்று எழுதினேன். பெரியப்பாவுக்கு அதில் வருத்தம். ஊருக்குப் போனபோது காட்டிய பெருந்தன்மையை இதில் அவர் காட்டவில்லை. இரண்டு நாள் பேசவில்லை, அப்புறம் சரியாகிவிட்டது.

இப்போது செய்வதானால்

படங்களை மட்டும் வைத்து வேலை தொடங்கியிருக்க மாட்டேன். அல்லது தொடங்கினாலும், இதே பக்கம் வேறு யார் கைபேசியில் இருக்கிறது என்று முதல் நாளே கேட்டிருப்பேன். எரிந்த வீட்டின் காகிதங்கள் சொந்தக்காரர்களின் கல்யாண வீடியோவிலும் பொங்கல் வீடியோவிலும் பின்னணியில் கிடக்கின்றன.

எண்ணைப் பார்த்தால் கணக்குப் போடும் முன் எல்லா ஆண்டு முறையிலும் எழுதிப் பார்க்கிறேன் இப்போது: பசலி, கொல்லம், சக, ஹிஜ்ரி, பர்மிய ஆண்டு. கூடவே அறுபது வருஷப் பெயர். பசலிக்கும் பர்மிய ஆண்டுக்கும் வித்தியாசம் 48. தாத்தா பெயர் பேரனுக்கு வரும் குடும்பங்களில் இந்த 48 ரொம்பப் பொல்லாதது; தவறான ஆளைக் கொண்டுவந்து சரியான நாற்காலியில் உட்கார வைத்துவிடும்.

பெண்களிடம் பெயரைக் கேட்டு ‘தெரியாது’ என்று வந்தால், அது தெரியாது இல்லை, சொல்ல மாட்டேன் என்பதாக இருக்கலாம். யாரை அனுப்பிக் கேட்பது என்பதை யோசித்துச் செய்ய வேண்டும். என் மனைவி இதை ஆரம்பத்திலேயே சொன்னார். நான் பதிவேட்டைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

குடும்பத்துக்குச் சொல்வதிலும் அவசரப்பட்டேன். பங்கு ஊர் விஷயத்தில் என்னிடம் இருந்தது ஒரு பெயரும் ஒரு வயதும் ரங்கூன் என்ற சொல்லும்தான். இந்தச் சீமையில் ரங்கூன் போய்த் திரும்பாத ஒருவர் இல்லாத ஊர் எது? அது ஆதாரமே இல்லை.

போன மாதம் மோரேயிலிருந்து இன்னொரு குடும்பம் பேசியது. அவர்களிடம் ஒரு நோட்டு இருக்கிறது, அதில் 1301 என்று எழுதியிருக்கிறதாம். பக்கம் முழுக்க, நான்கு மூலையும் தெரிய, விரல் படாமல் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.